முன்வாசலுக்கு வந்த டாக்சி

மூடுபனி இன்னும் கலையவில்லை. மர்த்தாபுரா ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாத வெண்மைக்குள் மஸ்னியா நின்றிருந்தாள். வீட்டுக்கு முன்னே மிதந்த மரக்கட்டைத் துறை, அவள் காலடியில், உறங்குபவரின் மார்புபோல மெல்ல ஏறி இறங்கியது. ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. கடலில் புறப்பட்ட நீர் பாரித்தோ பேராற்றின் வழியே நுழைந்து, வீடுகளைத் தாங்கிய இரும்புமரத் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு பஞ்சார்மாசின் நகருக்குள் வந்துகொண்டிருந்தது. நேற்றுக் கடலை நோக்கிப் போன ஆகாயத்தாமரைக் கூட்டங்கள், எதையோ மறந்துவிட்டு வந்தவைபோல, மேல்நோக்கித் திரும்பி மிதந்தன.

அன்று அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள்.

மஸ்னியா துறைமுகத்தில் சிறு தோணியில் காப்பி விற்பவள். முஜியோனோ ஜாவாவின் சுரபாயாவிலிருந்து மாதம் இருமுறை வரும் பயணிகள் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவன். இருவரும் இளமையின் முதற்பகுதியைக் கடந்தவர்கள். அவன் அவளிடம் முதல் ஆண்டு முழுவதும் காப்பியைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஒருமுறை அவள் காய்ச்சலில் கிடந்து வராதபோது, கப்பல் புறப்படும்வரை அவன் வேறு தோணியில் காப்பி வாங்க மறுத்துவிட்டான் என்று மற்றத் தோணிக்காரிகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் இருவருக்கும் விஷயம் விளங்கிற்று.

இப்போது அந்தக் கப்பலைக் கீழைத்தீவுகளின் தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இங்கு அது வருவது இதுவே கடைசி. ஆகவே சென்ற பயணத்தில் முஜியோனோ, காலிக் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே சொல்லியிருந்தான்:

“அடுத்த தடவை எங்க லஸ்மினி அக்காவயும் கூட்டிட்டு வரேன். பெரியவங்கன்னு எனக்கு அவ ஒருத்திதான். நீ வந்து காத்திருக்க வேண்டாம். டாக்சி புடிச்சு நேரா உங்க முன்வாசல்லயே வந்து எறங்கிடறோம்.”

ஆற்றில் ஆட்களை ஏற்றிச் செல்லும் கூரைப்படகுக்கு அவ்வூரில் டாக்சி என்றே பெயர். சாலையில் ஓடும் மஞ்சள் வேனுக்கும் அதே பெயர் உண்டு. ஆயினும் ஆற்றங்கரை வீட்டில் பிறந்த எவர் காதிலும் அச்சொல் விழுந்தால், முதலில் மிதந்து வருவது படகுதான். வாசலும் அப்படியே. மஸ்னியாவின் பாட்டனார் கட்டிய அந்த வீடு ஆற்றைப் பார்த்து நின்றது. செதுக்குவேலை செய்த கதவு ஆற்றுப்பக்கத்தில் இருந்தது. பிற்காலத்தில் வீட்டின் முதுகுப்புறமாகச் சாலை வந்தபோது, அடுக்களைச் சுவரை அறுத்து ஒரு பலகைக் கதவு போட்டார்கள். அதன் வழியே குப்பைக்கூடை வெளியே போகும், மண்ணெண்ணெய் உள்ளே வரும். விருந்தாளி எவரும் அதில் நுழைந்ததில்லை. விருந்துக்காகக் கூடத்தை ஒழித்தபோது பெரிய அலமாரியையும் நெல் மூட்டைகளையும் அந்தக் கதவின்மேல்தான் சாய்த்து வைத்திருந்தார்கள்.

உள்ளே உறவுப்பெண்கள் வாழையிலையில் பலகாரம் சுற்றிக்கொண்டு, யாரோ ஒருத்தியின் கணவனைப் பற்றிப் பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். துறையின் மறுமுனையில் மஸ்னியாவின் தாய்மாமன் ஷாரானி, கறுப்புத் தொப்பியும் புதுச் சட்டையுமாய், பெண்வீட்டார் சொல்லவேண்டிய விடைப்பாட்டை முணுமுணுத்தபடி நடந்தார். தாய் தந்தை இல்லாத அவளுக்கு அவரே ஜூலாக். மூத்த மாமனை அவ்வூரார் அழைக்கும் முறை அது. டாக்சிப் படகு ஓட்டியே அவளை வளர்த்தவர்.

“ஜூலாக், கொஞ்சம் உக்காருங்களேன். நீங்க நடக்கற நடையில துறை கழண்டு போயிடும்.”

“போனா போகட்டும். ஜாவாக்காரங்க கேள்விப்பாட்டு பாடுவாங்களா, இல்ல குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டுட்டே இருப்பாங்களான்னு யோசிக்கறேன்.”

“அவங்க கும்பிட்டா நீங்களும் கும்பிடுங்க. சண்டைக்கு நிக்காதீங்க.”

“நான் எதுக்கும்மா நிக்கறேன்? உன் மாப்பிள்ள மூணு வருஷமா நின்னதே போதும்.”

பனிக்குள்ளிருந்து ஒரு படகின் ஓசை வந்தது. மரப்பெட்டிக்குள் தேங்காய் உருளுவது போன்ற ஓசை. மஸ்னியா முந்தானையைச் சரிசெய்தாள். முதலில் ஒரு விளக்கு, பிறகு ஒரு கூரை, பிறகு கூரைமேல் இரு உருவங்கள். அவற்றுள் ஒன்று முஜியோனோவின் தோள் சாய்வோடு இருப்பதாக அவளுக்குத் தோன்றிற்று. அருகில் வந்தபோது அவ்விரண்டும் வாழைத்தார்களாக இருந்தன. அடுத்த படகில் குடை பிடித்த பெண் ஒருத்தி நேரே அவளைப் பார்த்துச் சிரித்தபடி வந்து, சிரித்தபடியே கடந்துபோனாள். ஒவ்வொரு படகும் பனியிலிருந்து அவனை எடுத்துக் காட்டிவிட்டு, கிட்டே வந்ததும் வேறொருவனாக மாற்றிக்கொண்டு சென்றது. சூரியன் உப்பிட்ட வாத்துமுட்டையின் மஞ்சள் கருவைப்போல மேலே தொங்கிற்று. நீர் மட்டும் ஓசையின்றி ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்து நடைபலகையில் தடதடவென்று காலடி கேட்டது. சாலையோரத்தில் வாத்துமுட்டை விற்கும் ஹம்தானா, மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“ஏண்டி மஸ்னியா, உங்க வீட்டுல மின்சாரத்த வெட்டப் போறாங்களா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“ரெண்டு பேரு வந்து உங்க பின்கதவத் தட்டு தட்டுன்னு தட்டினாங்க. மஞ்சள் டாக்சில வந்து எறங்கினாங்க. விறைப்பா ஒரு அம்மா, கையில கூடை. கூட ஒரு ஆளு, தலைக்கு எண்ணெய் தடவி, சட்டைப் பொத்தானக் கழுத்துவரைக்கும் போட்டு. கணக்கு எடுக்க வந்தவங்கன்னு நினைச்சேன்.”

மஸ்னியா அவளருகே விரைந்தாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘வீட்டுல ஆள் இல்லையா’ன்னு அந்த அம்மா கேட்டுச்சு. ‘ஏன் இல்ல, உள்ள சிரிக்கறது உங்களுக்குக் கேக்கலயா, எல்லாம் முன்வாசல்ல இருப்பாங்க’ன்னேன். அது அந்தப் பலகையப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு. ‘இதுதானேம்மா முன்வாசல்’னு சொல்லிச்சு. அப்புறம் அந்த ஆளுகிட்ட, ‘வாப்பா, பதில் சொல்லிட்டாங்க’ன்னு கூட்டிட்டுப் போயிடுச்சு.”

உள்ளேயிருந்து மீண்டும் ஒரு சிரிப்பலை எழுந்தது. அதே சிரிப்பை மூடிய கதவுக்கு வெளியே நின்று முஜியோனோ கேட்டிருக்கிறான் என்று எண்ணியபோது, மஸ்னியாவுக்கு முகம் எரிந்தது. பெண் கேட்டு வருபவர்களுக்குக் கதவு திறக்காமலிருப்பதைவிடத் தெளிவான மறுப்பு எந்த ஊரிலும் இல்லை. ஓதம் நிரம்பும் முன்னே கப்பல் புறப்பட்டாகவேண்டும். ஆற்றுமுகத்து மணல்மேட்டை நிறைந்த நீரில்தான் தாண்ட முடியும். பின்னால் கடிதம் எழுதலாம். சாத்திய கதவைக் கடிதம் திறந்துவிடாது.

“ஜூலாக், படக எடுங்க.”

ஷாரானிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “ரோட்டு வழியா வந்தாங்களா? பெண் கேக்க வர்றவங்க எருவண்டிக்காரன் வர்ற வழியாவா வருவாங்க?”

“அவங்களுக்கு அதுதான் வழி. டாக்சின்னா டயர் இருக்கும்னு நினைக்கற ஊர்லருந்து வந்திருக்காங்க. திட்டறத படகுல வந்து திட்டுங்க.”

படகு சிறு கால்வாய்க்குள் நுழைந்தது. துறைமுகத்துக்கு அதுவே குறுக்குவழி. இருபுறத்து வீடுகளும் பனிக்குள் தலைகீழாய் நீரில் தொங்கின. படிகளில் பல் துலக்கியவர்கள், துணி துவைத்தவர்கள், குழந்தையைக் குளிப்பாட்டியவர்கள் எல்லோரும் கனவில் வருபவர்கள்போல ஒலியின்றிக் கையசைத்தார்கள். எப்போதும் முழங்காலளவு தெரியும் தூண்கள் முழுவதும் மறைந்திருந்தன. வளைவைத் தாண்டியதும் தாழ்ந்த பாலம் வந்தது. ஷாரானி இயந்திரத்தைத் தணித்தார். பாலத்தின் அடிவயிற்றுக்கும் நீருக்கும் நடுவே ஒரு நாரை குனிந்து நுழையும் இடமே இருந்தது.

“நாம குனியலாம். கூரை குனியாது” என்றார் அவர். கப்பலைக் கடலுக்கு அழைக்கும் அதே நீர்தான் அவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. “நான் பெரிய ஆத்து வழியா சுத்திட்டு வரேன். நீ மேல ஏறி ரோட்டுல போ. போய் அந்த அம்மாவப் பேச்சுல புடிச்சு வை. பெரியவங்க பதில நான் வந்து சொல்லிக்கறேன். நீ பதில் சொல்லிடாத, கேட்டியா? பொண்ணு பேசக்கூடாது.”

மஸ்னியா பாலத்தின் கைப்பிடியைப் பற்றி ஏறினாள்.

சாலையில் ஒரு மஞ்சள் டாக்சி கதவில்லாத வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே சிலர் முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்திருந்தார்கள். ஓட்டுநர் வெளியே நின்று ஆளற்ற சாலையை நோக்கித் துறைமுகம் துறைமுகம் என்று கூவிக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் சீக்கிரம் எடுங்க தம்பி.”

“நிரம்பினாத்தான் எடுப்பேன் அக்கா. இன்னும் ரெண்டு ஆள் கொறையுது.”

“கப்பல் போயிடும்.”

“கப்பல் கூட நிரம்பினாத்தான் போகும்.”

மடியில் வாத்துக்கூடையோடு இருந்த ஒரு பருத்த பெண்மணி மஸ்னியாவின் பட்டுச் சேலையையும், நனைந்த ஓரத்தையும், வெறுங்காலையும் மேலும் கீழும் பார்த்தாள். “யாரத் தேடிப் போற?”

“பெண் கேக்க வந்தவங்க கோவிச்சுட்டுப் போறாங்க.”

“அடப் பாவமே! டேய், என் வாத்துங்கள ரெண்டு ஆளா வச்சுக்க. எடு வண்டிய.”

“வாத்து சீட்டுல உக்காருமா?”

“உன்னவிட ஒழுங்கா உக்காரும். எடுடா!”

வண்டி நகர்ந்தது. மஸ்னியா மிக அரிதாகவே அச்சாலையில் போனவள்; ஆற்றிலிருந்து பார்த்தே அந்நகரத்தை அறிந்தவள். இப்போது நகரம் உள்ளும் புறமும் மாற்றித் தைத்த சட்டையைப்போல அவளுக்குத் தெரிந்தது. அவளறிந்த அடுக்களைகளெல்லாம் இங்கே முகப்புகளாயிருந்தன. அவற்றில் எண் பொறித்த தகடுகள் மின்னின. பூந்தொட்டிகள், திரைச்சீலைகள், வருக என்னும் எழுத்துகள். பனியில் ஒவ்வொரு கதவும் ஒரு முகமாக எழுந்து, அவளைக் கூர்ந்து பார்த்து, பின்வாங்கி மறைந்தது. இந்தக் கதவுகளின் வரிசையில் நடந்து வந்த ஒருவன், எண்ணில்லாத ஒரு பலகையையும் அதனடியில் குப்பைக்கூடையையும் கண்டு என்ன நினைத்திருப்பான்? நினைத்தும், அங்கே நின்று, தலையைத் தடவி, தட்டியிருக்கிறான். அதுதான் அவளை வருத்திற்று.

“இடப்பக்கம்! இடப்பக்கம்!” என்று வாத்துக்காரி கூரையைத் தட்டினாள். நிறுத்து என்பதற்கு டாக்சியில் அதுவே சொல். “எறங்கி ஓடு, போ!”

துறைமேடையை அடைந்தபோது கப்பலின் ஏணி தூக்கப்பட்டிருந்தது. கயிறுகள் அவிழ்ந்து, கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஒரு நீர்ப்பட்டை அகன்றுகொண்டிருந்தது. ஓதத்தை எதிர்த்து அந்த வெண்மலை நகர்வதே தெரியாமல் நகர்ந்தது. மேடைக்கடியில் அவளது காப்பித்தோணி முந்தின நாள் கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி, துடுப்பை எடுத்தாள்.

மேல்தளத்தின் கம்பியருகே விறைப்பான சட்டையணிந்த ஒரு பெண்மணி, வெளிறிய முகத்தோடு, நீரைப் பார்க்காமலிருக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முஜியோனோவின் தாடை அவளுக்கும் இருந்தது.

“அக்கா! லஸ்மினி அக்கா!”

அவள் ஒரு கண்ணால் மட்டும் கீழே பார்த்தாள். “காப்பி வேண்டாம்மா! ஏற்கனவே வாந்தி வருது!”

“காப்பி விக்க வரலக்கா! நான் மஸ்னியா! நீங்க தட்டினது எங்க பின்கதவு!”

கம்பியோரம் நின்ற பயணிகள் பேச்சை நிறுத்தினார்கள். லஸ்மினி இரண்டு கண்ணையும் திறந்தாள்.

“ரோட்டப் பாத்த கதவு எப்படிம்மா பின்கதவாகும்?”

“ஆத்தப் பாத்த கதவு எப்படிக்கா பின்கதவாகும்?”

“உள்ள சிரிச்சீங்களே! என் தம்பி மூஞ்சி செத்துப்போச்சு. இப்ப கீழ எஞ்சின் பக்கத்துல போய் உக்காந்துட்டான், யாரோடயும் பேசல.”

“உங்களுக்குப் பலகாரம் சுத்திட்டுத்தாங்க்கா சிரிச்சாங்க! எல்லாரும் ஆத்துல உங்களத் தேடிட்டிருந்தோம். டாக்சில வரோம்னு சொன்னாரே! இங்க டாக்சின்னா தண்ணியில வர்றதுதான்!”

லஸ்மினி தலையில் கைவைத்துக்கொண்டாள். “கடவுளே! கடலத் தாண்டினது போதும், இனிமே படகுல கால் வைக்க மாட்டேன்னு நான்தான் அவன ரோட்டுக்கு இழுத்துட்டுப் போனேன். ‘ஆத்துப் பக்கம் ஒரு எட்டுப் பாத்துடுவோங்க்கா’ன்னு அவன் அப்பவே கெஞ்சினான்.”

“பாத்தீங்களா, பையன் வெவரமானவன்” என்றார் ஒரு பயணி. “இல்லய்யா, வீட்டுக்கு வாசல் ரோட்டுலதான் இருக்கணும்” என்றார் இன்னொருவர். கம்பியோரம் இரு கட்சியாகப் பிரிந்தது. அதிகாரி ஒருவன் எட்டிப் பார்த்து, “ஏய் தோணி, விலகு! உள்ள இழுத்துடும்!” என்று கத்தினான்.

“சும்மா இருப்பா, ஒரு கல்யாணம் பேசிட்டிருக்கோம்” என்றாள் லஸ்மினி.

அப்போது பேராற்றின் பனியைக் கிழித்துக்கொண்டு ஷாரானியின் படகு வந்தது. அவர் தொப்பி காற்றில் போயிருந்தது. வாய் அசைந்தது, சொல் ஒன்றும் கேட்கவில்லை. பயணத்தின் நடுவே ஒருநாளும் இயந்திரத்தை நிறுத்தியறியாத அவர், குனிந்து அதை நிறுத்தினார். ஆறு திடீரென்று மிகப் பெரிதாயிற்று. கப்பலின் அடிவயிற்று முனகல் மட்டும் எங்கோ ஆழத்தில் கேட்டது.

லஸ்மினி கூந்தலை ஒதுக்கினாள். ஒரு கையால் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, மறுகையை நெஞ்சில் வைத்து, கண்களை மூடித் தண்ணீரை நோக்கிக் குனிந்து வணங்கினாள்.

“பெரியவரே, எனக்குப் பாட்டெல்லாம் வராது. என் தம்பி முஜியோனோவுக்கு உங்க வீட்டுப் பொண்ணக் குடுப்பீங்களா?”

ஷாரானி நிமிர்ந்து நின்று, கரகரத்த குரலில் பாடினார்:

“ஆற்றோரம் நாணல் சாயும், அலைபோனால் நிமிரும் மீண்டும்;
சேற்றோரம் படகு தூங்கும், நீர்வந்தால் விழிக்கும் தானே…”

அத்தோடு நின்றார்; அடுத்த அடிகள் மறந்துபோயின. வாய் திறந்திருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை, பனியே உள்ளேயும் புகுந்துவிட்டது போலிருந்தது. படகுகளுக்கும் கப்பலுக்கும் இடையே நீர் அகன்றுகொண்டே போயிற்று. இன்னும் சற்றுப் போனால் எந்தச் சொல்லும் எட்டாது.

பெண் பேசக்கூடாது. தன்னைக் கேட்கும்போது பெண் திரைக்குப் பின்னே, தலை கவிழ்ந்து இருக்கவேண்டும். மஸ்னியா தோணியில் எழுந்து நின்றாள். வாரமெல்லாம் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிய அடிகளை, தலைமேல் துடுப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, துறைமுகம் முழுவதும் கேட்கும்படி கூவினாள்:

“கேட்டோரே, எங்கள் பெண்ணைக் கேட்டதோர் சொல்லே போதும்;
நாட்டோரும் கேட்கச் சொன்னோம்: நல்லது, ஆகட்டும் என்றே!”

கப்பலின் மேல்தளம் ஆரவாரித்தது. “பொண்ணே பதில் சொல்லிடுச்சு!” என்று யாரோ கத்தினார். லஸ்மினி கைதட்டி, பிறகு கம்பியை விட்டுவிட்டதை உணர்ந்து அலறி, மீண்டும் பற்றிக்கொண்டாள். “யாராச்சும் கீழ போய் அவன்கிட்டச் சொல்லுங்களேன்!” என்று அவள் கூவியது கடைசியாகக் காதில் விழுந்தது. சில தலைகள் உள்ளே ஓடி மறைந்தன. பனி கப்பலின் முன்பகுதியை வாங்கிக்கொண்டது, பிறகு புகைபோக்கியை, பிறகு பின்விளிம்பில் நின்று, கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையோடு இரண்டு கைகளையும் அசைத்த ஓர் உருவத்தை. அது வாழைத்தாராக மாறவில்லை.

ஷாரானி காப்பித்தோணியைத் தம் படகோடு இழுத்துக் கட்டினார். மஸ்னியா ஏறிக் கூரைமேல் உட்கார்ந்தாள்.

“தடம் மாறிட்டா இனிமே எதுலம்மா வருவான்?” என்றார் அவர். “கிழக்கேருந்து மரம் ஏத்தற கப்பல் வருது, அதுல வரலாம். சுரபாயாவுக்குத் திரும்பிப் போய் வேற கப்பல் புடிக்கலாம். பாலிக்பாப்பான்ல எறங்கி ராத்திரி பஸ்ல காட்டு வழியாவும் வரலாம், முதுகு ஒடஞ்சிடும். காசு சேந்தா விமானம். விமானத்துல வந்தா மேலருந்து பாப்பான், நம்ம ஊரு முழுக்கத் தண்ணியாத் தெரியும்…”

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மஸ்னியாவின் மூடிய கண்களுக்குள் அவன் ஒவ்வொன்றிலும் ஏறினான். மரங்களின்மேல் உட்கார்ந்து வந்தான், பேருந்தின் கண்ணாடியில் தலை சாய்த்து வந்தான், மேகத்துக்குள்ளிருந்து கீழே குனிந்து பார்த்தான். எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன.

ஷாரானி இயந்திரத்தின் கயிற்றைக் கையில் சுற்றினார்.

“வேண்டாம் ஜூலாக், போடாதீங்க.”

“ஏன்?”

“தண்ணி வீட்டுப் பக்கம்தானே போகுது.”

அவர் கயிற்றைக் கீழே போட்டார். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று படகைச் சூழ்ந்து, ஊதாப் பூக்களோடு, அவர்களையும் சேர்த்து மெல்ல மேல்நோக்கி எடுத்துச் சென்றது.